பம்பு செட்டுச் சில்லுகளும் யூ.எஸ்.பி. கேபிளும்

வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திக் கிணற்று மோட்டாரை ஓட்டுவது இக்காலத்தில் புதுமையான விஷயம் அன்று. மும்முனை மின்சாரம் எவ்வேளையில் வருகிறதோ அவ்வேளையில் மோட்டாரைத் தானே ஓடவிட்டு, கிணறு வற்றினால் தானே நிறுத்தும் பெட்டிகள் கடைகளில் தாராளமாக விற்கின்றன. இத்தகைய பெட்டிகளை வாங்குவோர்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையார் மானியமும் அளித்து வந்திருக்கின்றனர். புனே நகரத்து எஞ்சினியர் ஸந்தோஷ் ஓஸ்த்வால் என்பவர் அமைத்த ‘நானோ கணேஷ்’ என்னும் பெட்டி 2009-ஆம் ஆண்டில் நோக்கியா கம்பெனியாரின் பரிசு பெற்றது. நடுநிசியில் விளக்கும் கோலும் ஏந்திக் கிணற்றடிக்குப் போக வேண்டிய சிரமத்தை இவை குறைத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் பெட்டியின் உள்ளிருந்து கட்டளையிடுவது எது என்பதையும், அக்கட்டளையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் வாங்கும்போதே விசாரித்தறிதல் மிகவும் அவசியம். பெட்டிக்குள் நகத்தின் அளவே உள்ள ஒரு சில்லு இருக்கிறது. வழக்கில் அதனைச் ‘சிப்’ என்பர். மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பவை யாவும் அச்சில்லில் எழுதப்பட்ட சில எண்களைப் பொறுத்தவை. சில பெட்டிகளில் அவ்வெண்களை முகப்புப் பொத்தான்களாலும் குறுஞ்செய்தியாலும் மாற்றலாம். பலவற்றில் கம்ப்யூட்டரையும் சில்லையும் இணைக்கும் யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றே வழி. அந்தக் கேபிளை உபயோகிக்கத் தெரியாத குடியானவர், தம் கிணற்றுத் தண்ணீரைக் குறித்து விற்பனைக்காரரின் தயவை எதிர்பார்க்க வேண்டியவராகிறார். ஆகையால் இக்கேபிளின் அமைப்பையும், அதனை ஆபத்தின்றி உபயோகிக்கும் முறையையும், பெட்டி வாங்குகையில் கேட்டுப் பெற வேண்டியவற்றையும் கீழே விவரிப்போம்.

எண்கள் ஏன் மாற வேண்டும்?

ஒரு முறை எழுதிய எண்கள் எக்காலத்துக்கும் போதும் என்று நினைப்பது தவறு. பயிரும் பருவமும் கிணறும் மாறுந்தோறும் அவையும் மாற வேண்டும். இதற்கு மூன்று உதாரணங்கள் கூறலாம்.

முதலாவது, நெல். வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், காயவிட்டுப் பாய்ச்சும் முறை தண்ணீரைச் சிக்கனப்படுத்துகிறது. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைப்படி, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் பாய்ச்ச வேண்டும். நீர்மட்டத்தை அறியும் உணர்கருவியைக் குழாயில் பொருத்தினால், சில்லு அதைப் பார்த்துத் தானே மோட்டாரை ஓட்டும். ஆனால் கதிர் வெளிவந்து பூக்கும் தருணத்தில் வயலைக் காயவிடலாகாது. அப்போது நீர் நிற்க வேண்டும். நவரை நெல் தூர் கட்டும் சமயத்தில் எழுதிய 15 என்னும் எண்ணைப் பூக்கும் பருவத்தில் மாற்றாவிடில், பெட்டி தன் கடமையை அணுவளவும் வழுவாமல் செய்துகொண்டே பயிரைப் பதராக்கிவிடும்.

இரண்டாவது, உப்பு. ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் கழிமுகத்தை ஒட்டிய மீஞ்சூர்ப் பகுதியில், சென்னை நகரத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் விவசாயத்துக்காகவும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்த கதை இந்த ஜில்லாவில் யாவரும் அறிந்ததே. கடலோரத்தில் நன்னீரானது உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் தங்கும் என்பது நிலநீர் சாஸ்திரக் கணக்கு. மேல்மட்டம் சிறிது குறைந்தாலும் அடியிலுள்ள உப்பு வெகுவாக மேலேற இடமுண்டு என்பது இதனால் விளங்கும். இடைவிடாது இறைத்தால், மோட்டாருக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்புபோல் எழும். நீரின் உப்பளவை மின்கடத்தும் திறனால் அளந்து, டெசிசீமன்ஸ் என்னும் அளவில் கூறுவர். உலக உணவு விவசாய ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி, பாசன நீரில் இது மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் வரை இருந்தால் நெல் மகசூலுக்குக் குறைவில்லை, 2.6 ஆனால் பத்தில் ஒரு பங்கும், 3.4 ஆனால் கால் பங்கும், 4.8 ஆனால் பாதியும் குறையும். உப்பை அளக்கும் உணர்கருவியைச் சில்லுடன் இணைத்து, 2-ஐத் தாண்டியதும் மோட்டார் நிற்கும்படி எழுதி வைத்தால், கிணற்றுக்கு ஓய்வு கிடைக்கும். நிலமும் உவர் ஏறாது தப்பும்.

மூன்றாவது, மோட்டாரின் ஆம்பியர். கிணறு வற்றி மோட்டார் வெறுமனே சுற்றும்போது அது எடுக்கும் மின்சாரம் குறையும். உதாரணமாக, தண்ணீர் இறைக்கையில் 9 ஆம்பியர் எடுக்கும் மோட்டார் வெறுமையில் 5 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்விரண்டுக்கும் இடையே 6½ அல்லது 7 என்று எழுதினால், வற்றிய கணமே பெட்டி மோட்டாரை நிறுத்தும். மோட்டாருக்குக் காயில் கட்டிய பிறகோ, புது மோட்டார் இறக்கிய பிறகோ இவ்வளவுகள் மாறும். பழைய எண்ணையே விட்டு வைத்தால், நல்ல மோட்டாரைப் பெட்டி காரணமின்றி நிறுத்தும். அல்லது வற்றிய கிணற்றில் ஓடவிட்டுக் காயிலை எரித்துவிடும்.

சில்லில் எழுதப்பட்டிருப்பவை

சில்லில் இரு வகை எழுத்து உண்டு. ஒன்று கட்டளைத் தொடர். அதனைப் ‘புரோகிராம்’ என்பர். மற்றொன்று மேலே சொன்ன எண்கள். கிராம உத்தியோகஸ்தர்களுக்கு எளிதில் விளங்கும்படி சொன்னால், கட்டளைத் தொடரைப் பட்டாவுக்கும், எண்களை அடங்கலுக்கும் ஒப்பிடலாம். பட்டா போகத்துக்குப் போகம் மாறுவதில்லை. அடங்கலோ அந்தந்தப் பயிருக்குத் தக்கபடி எழுதப்படும். குடியானவர் சாதாரணமாகத் தொட வேண்டியது எண்களை மட்டுமே. கட்டளைத் தொடரை மாற்றுவது தேர்ந்தவர் வேலை.

இத்தாலி தேசத்தில் இவ்ரேயா என்னும் ஊரில் 2005-ஆம் ஆண்டில் மாணவர்களின் உபயோகத்துக்காக உண்டான ‘ஆர்டுயினோ’ பலகை இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதிலுள்ள ஏ.டி.மெகா 328 பி என்னும் சில்லில் கட்டளைத் தொடருக்கு 32 கிலோபைட் இடமும், எண்களுக்கு 1 கிலோபைட் இடமும் உள்ளன. இவ்விரண்டிலும் எழுதியவை மின்சாரம் நின்றாலும் அழிவதில்லை. ஆனால் எழுதுவதற்கு ஒரு வரம்பு உண்டு. எண்களுக்குரிய ஓரிடத்தில் 1,00,000 முறை வரையிலும், கட்டளைத் தொடருக்குரிய இடத்தில் 10,000 முறை வரையிலும் எழுதலாம் என்று அச்சில்லைச் செய்வோர் உறுதி கூறுகின்றனர். இது மிகப் பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆயினும் உப்பளவை நிமிஷத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் பதியும்படி அமைத்துவிட்டால், நாளொன்றுக்கு 1,440 பதிவாகி, எழுபதே நாளில் அவ்வரம்பு தீர்ந்துவிடும். ஒரு போகம் முடியுமுன்னே சில்லின் ஞாபகம் கெட இடமுண்டாகிறது. ஆகையால் அன்றாடக் கணக்குகள் எங்கே பதியப்படுகின்றன என்று விற்பனைக்காரரைக் கேட்பது வீண் கேள்வி அன்று.

கேபிளின் அமைப்பு

யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை வகுத்தவர்களில் முக்கியமானவர், பரோடாவிலுள்ள மகாராஜா ஸயாஜிராவ் சர்வகலாசாலையில் படித்து, பின்னர் அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் பணியாற்றிய அஜய் பட் என்னும் இந்திய எஞ்சினியர். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பு 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்வது. கறுப்பு அதன் திரும்பு வழி. பச்சையும் வெள்ளையும் செய்தியைச் சுமப்பவை.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய மட்டும் விற்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பச்சைக் கம்பியும் வெள்ளைக் கம்பியும் இருப்பதே இல்லை. அதைச் சொருகினால் பெட்டியில் விளக்கு எரியும். கம்ப்யூட்டரோ ஒன்றையும் அறியாது. சில்லு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பெட்டியைக் கழற்றுமுன், வேறு கேபிளைச் சொருகிப் பார்ப்பது நலம்.

பெட்டியின் சில்லுகளிற் பல யூ.எஸ்.பி. பாஷையை நேரே அறியா. அவை ஓர் எழுத்துக்குப்பின் ஓர் எழுத்தாக அனுப்பும் பழைய தொடர் முறையையே அறியும். ஆகவே கேபிளின் தலைப்பிலோ பெட்டியின் பலகையிலோ துபாஷிபோல் ஒரு சிறு சில்லு இருந்து, ஒரு பாஷையை மற்றொன்றாக மாற்றித் தருகிறது. எப்.டி. 232, சி.எச். 340, சி.பி. 2102 என்பவை அவ்வகையில் பெயர் பெற்றவை. அந்தந்தச் சில்லுக்குரிய மென்பொருள் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

துபாஷிச் சில்லுகளில் போலிகளும் உண்டு. எப்.டி. 232 சில்லைச் செய்யும் ஸ்காட்லாந்து தேசத்துக் கம்பெனியார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள், போலிச் சில்லுள்ள கேபிள்களின் அடையாள எண்ணை அழித்து, அவற்றைப் பேச முடியாதபடி செய்துவிட்டது. கண்டனம் எழவே அம்மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கேபிளை வாங்கியவருக்கு அது போலி என்பது அதுவரையில் தெரியாது. விதையில் கலப்படம் முளைத்த பின்பே தெரிவது போன்றதே இதுவும். ஆகையால் ரசீது தரும் கடையில் வாங்குதலே உத்தமம்.

முன்ஜாக்கிரதைகள்

கேபிளில் ஓடுவது 5 வோல்ட்தான். அதனால் ஆளுக்கு அபாயமில்லை. ஆனால் அது சொருகப்படும் பெட்டியில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம் நிற்கிறது. விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில், சில்லுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் இன்றிப் பிரதான மின்சாரத்திலிருந்தே நேரே இறக்கியிருப்பார்கள். அத்தகைய பலகையில் சில்லின் கால்களும் பிரதான மின்சாரத்துடன் தொடர்புள்ளவையே. அதில் கேபிளைச் சொருகினால் கம்ப்யூட்டரும் கெடும். அதைத் தொடுபவர் உயிருக்கும் ஆபத்து நேரும். ஆகையால் கீழ்க்கண்ட விதிகளைத் தவறாது அநுஷ்டிக்க வேண்டும்.

1. மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். மின்சாரம் நின்றிருக்கும் வேளை என்பதை நம்பித் திறக்கலாகாது. அது எக்கணமும் வரலாம்.

2. டெஸ்டரால் மூன்று முனைகளையும் சோதித்த பின், சில நிமிஷங்கள் பொறுத்திருக்க வேண்டும். கெபாசிடர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

3. லாப்டாப்பைச் சார்ஜரில் மாட்டாமல், அதன் பாட்டரியிலேயே ஓட்ட வேண்டும்.

4. ஈரக்கையுடனும் வெறுங்காலுடனும் இவ்வேலையில் இறங்கக் கூடாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது கிணற்றடியில் இதைச் செய்யவே கூடாது.

5. மோட்டார் ஓடும்போதே எண்களைப் பார்க்க வேண்டுமாயின், மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் யூ.எஸ்.பி. ஐஸொலேட்டர் என்னும் இடைக்கருவி இல்லாமல் செய்யலாகாது. அதையும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

செய்முறை

பெட்டியில் யூ.எஸ்.பி. துளை இருந்தால் கேபிளை அதில் சொருகினால் போதும். துளையின்றி நான்கு ஊசிகள் மட்டும் இருந்தால், அவற்றின் அருகே ஜி.என்.டி., டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ்., வி.சி.சி. என்ற எழுத்துக்கள் பொறித்திருக்கும். ஜி.என்.டி. என்பது பொது முனை. இதை முதலில் இணைக்க வேண்டும். டி.எக்ஸ். அனுப்பும் முனை, ஆர்.எக்ஸ். பெறும் முனை. ஒருவர் வாய் மற்றவர் காதை நோக்கி இருப்பதே முறையாதலால், கேபிளின் டி.எக்ஸ். கம்பியைப் பெட்டியின் ஆர்.எக்ஸ். ஊசியிலும், கேபிளின் ஆர்.எக்ஸ். கம்பியைப் பெட்டியின் டி.எக்ஸ். ஊசியிலும் மாற்றி இணைக்க வேண்டும். வி.சி.சி. என்பது மின்சாரம் ஊட்டும் முனை. பிரதான மின்சாரத்தை நிறுத்தியிருக்கும்போது சில்லுக்கு உயிரூட்ட இம்முனை வேண்டியிருக்கும். பெட்டிக்கு வேறு பாட்டரி இருந்தால் இதை இணைக்கலாகாது.

இணைப்பதற்குமுன் சில்லின் வோல்ட் அளவை அறிதல் வேண்டும். மேற்சொன்ன ஏ.டி.மெகா சில்லு ஆர்டுயினோ பலகையில் 5 வோல்ட்டில் இயங்குகிறது. கம்பியில்லா வலை வழியே பேசும் பெட்டிகளில் உள்ள ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லோ 3.3 வோல்ட்டில் இயங்குவது. அதன் ஊசிகளில் 5 வோல்ட் ஏற்றினால் பழுதாகும். பல கேபிள்களில் இரண்டுக்கும் மாற்றும் சிறு சுவிட்சு உண்டு. எந்தச் சில்லு என்று தெரியாவிடில் விற்றவரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே தொட வேண்டும்.

பின்பு கம்ப்யூட்டரில், கேபிளுக்குக் ‘காம்’ என்ற பெயரோடு ஓர் எண் தோன்றியிருக்கிறதா என்று பார்த்து, அவ்வழியைத் திறந்து, பேசும் வேகத்தைக் குறிப்பிட வேண்டும். பெட்டிகளில் வழக்கமான வேகம் 9,600 அல்லது 1,15,200 ஆகும். 9,600 என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 960 எழுத்துக்கள். இரு பக்கத்து வேகமும் ஒத்திருக்க வேண்டும். திரையில் பொருளற்ற குறிகள் சிதறினால் கேபிளிலோ சில்லிலோ குற்றமில்லை. வேகம் பொருந்தவில்லை என்பதே அதன் அர்த்தம். ஒன்றுமே தோன்றாவிடில், டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். கம்பிகளை இடம் மாற்றிப் பார்க்கலாம்.

பேச்சு தொடங்கியதும் எதையும் மாற்றுவதற்குமுன், உள்ள எண்கள் அனைத்தையும் வாசித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வேலையில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை. அதன்பின் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, மறுபடி வாசித்துச் சரி பார்க்க வேண்டும். மின்சாரம் ஊட்டியதை நிறுத்தி மீண்டும் கொடுத்து, புது எண் நிலைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிப் பெட்டியை மூடிய பின்னரே பியூஸ் கட்டைகளை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, அருகில் நின்று கவனிக்க வேண்டும்.

உப்பை அளக்கும் உணர்கருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்கடத்தும் திறன் 25 டிகிரி உஷ்ணத்தில் 1.413 டெசிசீமன்ஸ் என்று நிர்ணயமான பொட்டாசியம் குளோரைடு கரைசல் விற்கப்படுகிறது. உணர்கருவியை நன்கு கழுவி அதில் அமிழ்த்தி, பெட்டி காட்டும் அளவு 1.413-க்கு ஒத்திருக்கும்படி திருத்த எண்ணை எழுத வேண்டும். ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு ஏறுமாதலால், வெயிலில் சூடான கரைசலைக் கொண்டு திருத்தினால் கணக்குப் பிசகும். போகத்துக்கு ஒரு முறையேனும் இதைச் செய்யாத கருவியின் அளவை நம்பிக் கிணற்றைப் பற்றி முடிவு செய்தல் தகாது.

தூரத்திலுள்ள வயல்கள்

சாதாரண யூ.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்குமேல் உதவாது. வயலின் கோடியில் உள்ள உணர்கருவிகளைக் கிணற்றடிப் பெட்டியுடன் இணைக்க ஆர்.எஸ். 485 என்னும் முறை ஏற்றது. இது 1983-ஆம் ஆண்டில் நிர்ணயம் செய்யப்பட்டது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் ஏறக்குறைய 1,200 மீட்டர் வரை செய்தி போகும். ஒரே வரிசையில் 32 கருவிகள் வரை தொங்கலாம். பல ஆலைகளில் யந்திரங்கள் தம்முள் பேசிக்கொள்ளவும் இம்முறை வழங்குகிறது. இதற்கென யூ.எஸ்.பி. தலைப்புள்ள தனிக் கேபிள் விற்கிறது.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி கதவிலக்கம் இருக்க வேண்டும். புதுக் கருவிகள் பெரும்பாலும் 1 என்னும் ஒரே இலக்கத்துடன் வருகின்றன. இரண்டு கருவிகளை அப்படியே ஒரு வரிசையில் மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, ஒன்றும் விளங்காமற் போகும். ஆகவே ஒவ்வொன்றாகத் தனியே கேபிளில் மாட்டி, 1, 2, 3 என்று இலக்கம் எழுதி, அதே இலக்கத்தைக் கருவியின்மேல் பெயிண்டாலும் குறித்த பின்னரே வயலில் பொருத்த வேண்டும்.

பூட்டிய சில்லு

இனி யாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செய்பவர் விரும்பினால் சில்லுக்குப் பூட்டுப் போடலாம். பூட்டிய சில்லிலிருந்து கட்டளைத் தொடரை ஒருவரும் வாசித்து எடுக்க முடியாது. பூட்டைத் திறக்க ஒரே வழி, உள்ளவற்றை முழுதும் அழிப்பது. அழித்த பின் எழுதுவதற்கு மூலப் பிரதி கையில் இல்லாவிடில் பெட்டி வெறும் தகரமே. தம் உழைப்பை மற்றவர் திருடாதிருக்கச் செய்பவர்கள் பூட்டுவது நியாயமே. ஆனால் எண்களையும் கடவுச் சொல்லால் மூடி, அச்சொல்லை வாங்கியவருக்குச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. பூக்கும் தருணத்தில் ஓர் எண்ணை மாற்றுவதற்கு விற்பனைக்காரரின் ஆள் வரும் வரையில் காத்திருக்கப் பயிருக்குத் தெரியாது.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் ஜில்லாவில் வெள்ளம் பரவியதை யாவரும் அறிவர். இத்தகைய வெள்ளத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி மூழ்கினால் பலகையை மாற்ற வேண்டி வரும். புதுப் பலகைக்கு எண்களை மறுபடி எழுத வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் அவை இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிடில் ஒரு போகத்து அநுபவம் முழுதும் வெள்ளத்தோடு போனதேயாகும்.

ஆகையால் பெட்டி வாங்குவோர் பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்: பெட்டிக்குப் பொருந்தும் கேபிள், அதற்குரிய மென்பொருள், சில்லின் பெயரும் வோல்ட் அளவும் பேசும் வேகமும், எண்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் பொருளும், கடவுச் சொல், பலகை கெட்டால் கட்டளைத் தொடரை எழுதித் தருவதாக எழுத்து மூலமான உறுதி. விலையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்குவதைவிட, சற்று அதிகம் கொடுத்து இவற்றுடன் வாங்குவது லாபம்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடியானவரும் லாப்டாப் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு லாப்டாப், இரண்டு மூன்று வகைக் கேபிள், ஐஸொலேட்டர் ஒன்று, திருத்தக் கரைசல் ஒரு புட்டி ஆகியவை ஒரு கிராமத்துக்குப் போதும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமோ உழவர் குழுவோ இவற்றை வைத்திருந்து வாடகைக்குக் கொடுக்கலாம்.

வேலை தெரிந்த ஆளுக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்து ஆலைகளில் யந்திரங்களைக் கேபிள் வழியே திருத்தியமைக்கும் வேலை அன்றாடம் நடப்பது. சுற்றுக் கிராமங்களிலிருந்து அங்கே ஷிப்டுக்குப் போய்வரும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வாலிபர்களில் இக்கலை கைவந்தவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் உருக்காலை யந்திரத்துக்கு எண் எழுதும் கை, தகப்பனார் கிணற்றுப் பெட்டிக்கும் எழுதலாம். அவர்களுக்குத் தெரியாதது பயிரின் பருவம். பெரியவர்களுக்குத் தெரியாதது கேபிளின் முனை. இருவரும் சேர்ந்து கிணற்றடியில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் காரியம் முடியும்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இதில் நேரான பொறுப்பு உண்டு. மேல்நிலைத் தொட்டிகளுக்குக் குடிநீர் ஏற்றும் மோட்டார்களிலும் இத்தகைய பெட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் எண் பட்டியலையும் கடவுச் சொல்லையும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, பொறுப்பு மாறும்போது சாவிகளோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் மட்டும் அறிந்த சொல்லை நம்பி ஓர் ஊரின் குடிநீர் இருத்தல் கூடாது.

இத்துறையில் நம் தேசமும் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சக்தி’ என்னும் சில்லு 2018-ஆம் ஆண்டில் உருவாயிற்று. திருவனந்தபுரத்து ஸி-டாக் நிலையத்தார் ‘தேஜஸ் 32’ என்னும் சில்லை அமைத்து, ‘ஏரீஸ்’ என்ற சிறு பலகையில் பொருத்தி வெளியிட்டிருக்கின்றனர். யூ.எஸ்.பி. கேபிளால் கட்டளை எழுதும்படி அமைந்த அப்பலகையில் கல்லூரி மாணவர்கள் பழகி வந்தால், வயலுக்கு வேண்டிய பெட்டிகளை இங்கேயே செய்துகொள்ளும் காலம் விரைவில் வரும்.

முடிவாகச் சொல்லத்தக்கது இதுவே. மதகின் பலகையை எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்பதை முற்காலத்தில் நீர்க்கட்டியும் நிலச்சொந்தக்காரரும் கலந்து தீர்மானித்தனர். இன்று அத்தீர்மானம் ஒரு சில்லுக்குள் எண்களாக இருக்கிறது. சில்லு நன்றாக உழைக்கும். ஆனால் பயிரின் முகத்தைப் பார்த்து அறியாது. பார்த்து அறிபவரே எண்களையும் எழுதும்படி இருத்தல் வேண்டும். ஆகையால் பெட்டி வைத்திருப்போர் வரும் போகத்துக்கு விதை தெளிக்குமுன், எண்களை வாசித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்களாக. இனி வாங்குவோர் கேபிளும் கடவுச் சொல்லும் இன்றிப் பெட்டியை ஏற்காதிருப்பார்களாக. பாசன அளவுகளையும் பயிர்ப் பருவங்களையும் பற்றிய விவரங்களைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், பெட்டிகளைப் பற்றிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களிலும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.